1943 இஷாப்பூர் த்ரீ நாட் த்ரீ ரைஃபிள்: மரக்கட்டையைத் தேய்க்கலாமா, அப்படியே விடலாமா?

கொள்ளிடக்கரை (கொலம்பஸ், ஒஹையோ)

எல்லாருக்கும் வணக்கம். போன சனிக்கிழமை எங்க ஊர்ப் பக்கம் நடந்த துப்பாக்கிச் சந்தைக்குப் போயிருந்தேன். கடைசி வரிசையில் ஒரு பெரியவரின் மேசை. பளபளப்பான புதுச் சாமான்களுக்கு நடுவில் எண்ணெய்ப் பிசுக்கேறிக் கறுத்துப்போன ஒரு ரைஃபிள் கிடந்தது. அந்தச் சப்பை மூக்கைப் பார்த்ததும் கால் தானாக நின்றுவிட்டது. எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கும் இரும்புத் தண்டு) கைப்பிடிக்குக் கீழே உள்ள இரும்புப் பட்டையில் ஒரு கிரீடம், அதன் கீழே ஜார்ஜ் மன்னரின் ஜி.ஆர்.ஐ. எழுத்துகள், அதற்குக் கீழே வங்காளத்து ஆயுத ஆலையின் பெயரான இஷாப்பூர், 1943.

விலை 480 டாலர். பேரம் பேசவே தோன்றவில்லை.

1987இல் நான் திருச்சியில் கல்லூரி இரண்டாம் ஆண்டு. என்.சி.சி. முகாமில் முதன்முதலாக என் கையில் கொடுத்த ரைஃபிள் இதே நம்பர் ஒன் மார்க் த்ரீ ஸ்டார்தான், அதாவது .303 தோட்டா போடும் லீ என்ஃபீல்டு. அப்போது என் எடை 48 கிலோ. நாலு கிலோ ரைஃபிளை ட்ரில்லில் தோளில் சாத்தித் தூக்கி நிற்கும்போது தோள் எலும்பில் ஒரு பள்ளம் விழும். ராத்திரி கூடாரத்தில் படுக்கும்போதுகூட அந்த இடம் கனன்றுகொண்டே இருக்கும். ஆனாலும் காலையில் கோத்தின் (ஆயுத அறையின்) வாசலில் வரிசையில் நின்று, நம்பர் சொல்லி, என் ரைஃபிளை வாங்கும் அந்த ஒரு நிமிஷத்துக்காக நான் மற்ற எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். 47ஆம் நம்பர். இன்னும் மறக்கவில்லை.

சந்தையில் அந்த போல்ட்டைத் தூக்கி இழுத்துத் தள்ளியபோது கை தானாகவே அந்தக் கடைசி இறுக்கத்தை எதிர்பார்த்தது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: மௌஸர் 98 வகை ஜெர்மன் ரைஃபிளில் போல்ட்டைத் தூக்கும்போதே சுடும் ஊசியின் ஸ்பிரிங் இறுகிவிடும். லீ என்ஃபீல்டில் முன்னே தள்ளும்போதுதான் இறுகும். அந்தக் கடைசி ஒரு அங்குலத்தில் உள்ளங்கைக்கு ஒரு தடுப்பு தெரியும். 38 வருடம் கழித்தும் என் உள்ளங்கைக்கு அது எங்கே வரும் என்று தெரிந்திருந்தது.

இப்போது கேள்வி. கட்டை முழுக்கக் கறுப்பு. வெட்டுக் காயங்கள் நிறைய. பட்டின் (தோளில் வைக்கும் பின்கட்டையின்) வலது பக்கம் வெள்ளை பெயிண்டில் ஏதோ எண், பாதிக்கு மேல் அழிந்துவிட்டது. மேகசினுக்கு (தோட்டாப் பெட்டிக்கு) முன்னால் முன்கட்டையில் குறுக்கே ஒரு திருகு போட்டிருக்கிறார்கள். சுடும் பயிற்சித் திடலான ரேஞ்சில் பழக்கமான ஒரு நண்பர், "உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வார்னிஷ் அடி, கண்ணாடி மாதிரி ஆகிவிடும்" என்கிறார். எனக்கு மனசு வரவில்லை. அதே சமயம் இப்படியே விட்டால் மரம் வீணாகுமோ என்ற பயமும் இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஹூஸ்டன் தமிழன் (டெக்சாஸ்)

தேய்க்காதீங்க அண்ணா. தயவுசெய்து.

2009இல் நான் ஒரு பழைய ரஷ்ய ராணுவ ரைஃபிள், மோசின் நகான்ட் 91/30, வாங்கினேன். அப்போ நூறு டாலருக்குள் கிடைத்துக்கொண்டிருந்த காலம். கூடவே 440 தோட்டா அடைத்த தகர டப்பா ஒன்று. அதைத் திறக்கத் தனியாக ஒரு கத்தி வேற. ரைஃபிள் முழுக்க, துரு பிடிக்காமலிருக்கப் பூசும் காஸ்மோலின் அப்பியிருந்தது. கெட்டியான வாஸ்லின் மாதிரி, பழுப்பு நிறத்தில். ஹூஸ்டன் வெயிலில் கறுப்புப் பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்தால் அதுவாகவே உருகி வடிந்துவிடும். அதுவரை சரியாகத்தான் செய்தேன்.

அப்புறம் அவசரப்பட்டேன். 1938இல் ரஷ்யாவின் இஷெவ்ஸ்க் ஆலையில் செய்த ரைஃபிள் அது. பட்டின் இடது பக்கம் கத்தி முனையால் கீறின மூணு ரஷ்ய எழுத்து இருந்தது. வார்னிஷ் உரிந்து அசிங்கமாகத் தெரிந்ததால் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து உப்புத்தாள் போட்டேன். சாயங்காலம் மரம் புதுசு மாதிரி ஆகிவிட்டது. அந்த மூணு எழுத்தும் போய்விட்டது. ஒரு போட்டோகூட எடுத்து வைக்கவில்லை.

அது யாருடைய பெயரோ, ஊரோ. அவன் இரண்டாம் உலகப் போரில் பிழைத்தானா என்றுகூடத் தெரியாது. அவன் அந்தக் கட்டையில் விட்டுப்போன ஒரே அடையாளத்தை நான் தேய்த்துப் பொடியாக்கி ஊதிவிட்டேன். பதினாறு வருடமாக அந்த ரைஃபிளை எடுக்கும்போதெல்லாம் கட்டைவிரல் அந்த இடத்துக்குத்தான் போகிறது.

கோவை உஸ்தாத்

கொள்ளிடக்கரை தம்பி, உங்க பதிவைப் பாத்துட்டு ரெண்டு நாளா எழுதணும்னு நெனச்சுட்டே இருந்தேன். நான் ராணுவத்துல ஹவில்தாரா இருந்து ரிட்டயர் ஆனவன். நடுவுல நாலு வருஷம் ஒரு என்.சி.சி. பட்டாலியன்ல பசங்களுக்குச் சொல்லிக்கொடுக்கற வேலை. கோத்தும் என் பொறுப்புதான். அதனால த்ரீ நாட் த்ரீ எனக்குப் பெத்த புள்ளை மாதிரி. ஒவ்வொண்ணோட குணமும் தெரியும்.

முதல்ல அந்தத் திருகு. அது யாரோ ஓட்டை போட்டுக் கெடுத்ததில்லீங்க. இஷாப்பூர்க்காரங்க வேலை அது. சுடும்போது வர்ற உதைப்பு முன்கட்டைக்குள்ள போய்த்தான் தாங்குது. நம்ம ஊரு வெயிலுக்கும் மழைக்கும் மரம் சுருங்கி விரிஞ்சு அந்த இடத்துல விரிசல் விடும். அதைப் பிடிச்சு வைக்கத்தான் குறுக்கே திருகு. அதைக் கழட்டி அடைக்கணும்னு யாராச்சும் சொன்னா கேக்காதீங்க.

ரெண்டாவது ரொம்ப முக்கியம். ரைஃபிள்ல எங்கயாச்சும் டி.பி.னு முத்திரை இருக்குதா, பேரல்லயோ போல்ட்லயோ ஓட்டை போட்டு அடைச்ச தடம் இருக்குதா, சிவப்போ வெள்ளையோ பட்டை அடிச்சிருக்குதா, நல்ல வெளிச்சத்துல பாருங்க. டி.பி.ன்னா ட்ரில்லுக்கு மட்டும். சுடவே கூடாது. அப்புறம் நல்ல துப்பாக்கி மெக்கானிக்கிட்ட குடுத்து ஹெட்ஸ்பேஸ் (போல்ட்டுக்கும் தோட்டா உக்கார்ற எடத்துக்கும் நடுவுல உள்ள இடைவெளி) அளந்து பாத்துட்டுத்தான் முதல் ரவுண்டு. எம்பது வருஷக் கெழவன். ஒடம்பைப் பரிசோதிக்காம ஓட விடக் கூடாதுங்க.

பட்டுக்கு அடியில பித்தளைத் தகடு இருக்குதில்லையா, அதுல ஒரு சின்ன மூடி இருக்கும். நகத்தால நெம்பினா திறக்கும். உள்ளே ஒரு பித்தளை எண்ணெய்க் குப்பியும் குழல் தொடைக்கற புல்த்ரூ கயிறும் இருக்கணும். பல பேரு அதைப் பாக்கவே மாட்டாங்க. பாருங்க.

அந்தக் காலத்துத் தோட்டா சுட்டா குழலுக்குள்ள உப்பு படிஞ்சுரும். தோட்டா அடியில இருக்கற கேப்போட ரசாயனம் எரிஞ்சு வர்ற உப்பு அது. எண்ணெய் அதைக் கரைக்காது. தண்ணிதான் கரைக்கும். ஃபயரிங் முடிஞ்சு வந்ததும் லங்கர்ல (சமையல் கூடத்துல) பெரிய அலுமினிய கெட்டில்ல தண்ணி கொதிக்க வெச்சிருப்போம். புனல் வெச்சு பின்பக்கமா ஊத்தினா முன்பக்கமா சாம்பல் கலர்ல வரும். தெளிவா வர்ற வரைக்கும் ஊத்தணும். கொதிக்கக் கொதிக்க ஊத்தறதால குழல் சூட்டுலயே காஞ்சுரும். அப்புறம் சிந்தின்னு சொல்ற தொடைக்கற துணி, நாலுக்கு ரெண்டு அங்குலம், எண்ணெய் தொட்டு மூணு இழுப்பு. மறுநாள் வெயிலுக்கு நேரா குழலைப் பிடிச்சுப் பாத்தா கண்ணாடி வளையம் மாதிரி சுத்திச் சுத்தித் தெரியணும். பையனுக அதைப் பாத்துட்டு "சார், உள்ள ரோடு போகுது"ம்பாங்க.

ஒரு சம்பவம் சொல்றேன். ஒரு முகாம்ல முப்பது பசங்க, ஆளுக்கு அஞ்சு ரவுண்டு. நூத்தம்பது காலி கேஸ் (சுட்ட தோட்டாவோட பித்தளைக் கூடு) திருப்பி எண்ணிக் குடுக்கணும். நூத்தி நாப்பத்தொம்பது இருந்துச்சு. மழை பேஞ்சு நெலம் சொதசொதன்னு இருந்த நேரம். ரேஞ்ச் முழுக்கப் புல்லு. வரிசையா நின்னு கையால தடவிப் பாத்தோம். கெடைக்கல. இருட்டிருச்சு. டார்ச் அடிச்சாலும் தெரியல. கடைசில எல்லாரையும் பூட்ஸ் கழட்டச் சொன்னேன். வெறுங்காலால மெதுவா, ஒரு எட்டுக்கு ஒரு எட்டு, உள்ளங்காலால தடவி நடந்தோம். எட்டு மணிக்கு ஒரு பையன் "உஸ்தாத்!"னு கத்தினான். மிதிபட்டு மண்ணுக்குள்ள நேரா எறங்கியிருந்துச்சு. அன்னிக்கு அந்த முப்பது பேரும் போட்ட சத்தம் இன்னும் காதுல இருக்கு.

கட்டையைத் தேய்க்கலாமான்னு கேட்டீங்க. வேண்டாம். கோத்துல இருந்த எதையும் நாங்க தேய்ச்சதில்ல. லின்சீட் எண்ணெய் (ஆளி விதை எண்ணெய்) கையில நாலு சொட்டு விட்டு, உள்ளங்கை சூடாகற வரைக்கும் தேய்ச்சு விடுவோம். அவ்வளவுதான்.

கொள்ளிடக்கரை

உஸ்தாத், கை நடுங்குகிறது. மூடியைத் திறந்தேன். புல்த்ரூ இல்லை. ஆனால் பித்தளைக் குப்பி இருக்கிறது! உள்ளே கரண்டியோடு சேர்ந்த மூடி இறுகிப்போய்விட்டது. டி.பி. முத்திரை எங்கும் இல்லை, ஓட்டையும் இல்லை. அடுத்த வாரம் மெக்கானிக்கிடம் கொடுக்கிறேன்.

நாஞ்சில் மரவேலை (நாகர்கோவில்)

எனக்குத் துப்பாக்கி பற்றி ஒன்றும் தெரியாது, மரம் தெரியும். முப்பது வருடமாகப் பழைய சாமான்களைச் சரி செய்கிறேன். இங்கே எல்லாரும் 'அப்படியே விடுங்கள்' என்று சொல்வதில் எனக்கு முழுச் சம்மதம் இல்லை.

தேய்க்க வேண்டாம் என்பது சரி. ஆனால் அந்தக் கறுப்பு என்பது பழமை மட்டுமல்ல. இயந்திர எண்ணெய் பல வருடம் மரத்துக்குள் இறங்கியிருக்கிறது. லின்சீட் மரத்தில் காய்ந்து இறுகும். இயந்திர எண்ணெய் காயவே காயாது. அது ஊறின மரம் வருடம் போகப் போக நார் நாராக இளகும். உஸ்தாத் ஐயா சொல்வதுபோல உதைப்பு முழுக்க முன்கட்டையின் உள்ளே ஒரு சின்ன இடத்தில்தான் விழுகிறது என்றால், அந்த இடம் இளகியிருந்தால் திருகு போட்டும் பயனில்லை. அதன்மேல் லின்சீட் தடவினால் அழுக்கைப் பூட்டி வைத்த மாதிரி ஆகும்.

எண்ணெயை வெளியே எடுக்க வழி இருக்கிறது. சுண்ணாம்புக்கல் மாவு வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்பிரிட்டில் குழைத்துக் கட்டை முழுக்கப் பூசி வெயிலில் வைக்க வேண்டும். சூட்டில் எண்ணெய் மேலே வந்து மாவு பழுப்பாகும். உதிர்த்துவிட்டு மறுபடி பூச வேண்டும். பக்கத்தில் நெருப்பு கூடாது. மூன்று நான்கு தடவை போதும். முத்திரையோ கீறலோ ஒன்றும் அழியாது. பெயிண்ட் எண் இருக்கும் இடத்தை மட்டும் விட்டுவிடுங்கள், ஸ்பிரிட் அதைத் தூக்கிவிடும்.

கோவை உஸ்தாத்

நாஞ்சிலண்ணன் சொல்றது நியாயம். நாங்க தெனமும் பாத்துக்கிட்ட ரைஃபிளை வெச்சு நான் சொன்னேன். கண்டவன் கையில கெடந்து, எங்கெங்கயோ கப்பல்ல வந்ததுக்கு அது பொருந்தாது. மாவு வைத்தியம் பண்ணிட்டு அப்புறம் லின்சீட் போடுங்க தம்பி.

தேனிக்காரி

நான் 1990களில் என்.சி.சி. பெண்கள் பிரிவு. எங்களுக்குக் கொடுத்தது பாயிண்ட் டூ டூ என்ற சின்னத் தோட்டா ரைஃபிள். 25 கஜத்தில் அஞ்சு குண்டு, எவ்வளவு நெருக்கமாக விழுகிறது என்று அளப்பார்கள். த்ரீ நாட் த்ரீயைத் தொட்டது ட்ரில்லுக்கு மட்டுமே.

ஆனால் அதே உடம்பு எங்கள் வீட்டில் இருந்தது. அப்பாவிடம் .315 ரைஃபிள். இஷாப்பூரில் செய்ததுதான். இந்தியாவில் .303 பொதுமக்கள் வைத்துக்கொள்ளக் கூடாத ரகம். வெள்ளைக்காரன் காலத்திலேயே ராணுவத் தோட்டா ஊருக்குள் புழங்கக் கூடாது என்று கட்டுப்பாடு வைத்தார்கள். அதனால் அதே லீ என்ஃபீல்டு போல்ட்டை வைத்து, 8 மில்லிமீட்டர் தோட்டாவுக்குக் குழல் போட்டு விற்றார்கள். சுதந்திரத்துக்குப் பிறகும் அரசு ஆலையே அதைச் செய்து கொடுத்தது.

மேகமலை அடிவாரத்தில் எங்கள் தோட்டம். பயிர்ப் பாதுகாப்புக்கு என்று வாங்கிய உரிமம். அப்பா அதைக்கொண்டு ஒரு உயிரைக்கூடச் சுட்டு நான் பார்த்ததில்லை. பன்றி இறங்கினால் வானத்தைப் பார்த்து ஒரு வெடி, அவ்வளவுதான். மலை மூன்று தடவை திருப்பிச் சொல்லும். நாங்கள் பிள்ளைகள் பாயில் படுத்துக்கொண்டே எண்ணுவோம்.

ஒவ்வொரு தேர்தலுக்கும் அதைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். அப்பா அதைப் பழைய வேட்டியில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போவார். முடிவு வந்து சில நாள் கழித்துப் போய் வாங்கி வருவார். ஒருமுறை மழைக்காலத்தில் திரும்பி வந்தபோது குழலுக்குள் துரு பிடித்திருந்தது. அப்பா அன்று யாரோடும் பேசவில்லை. திண்ணையில் உட்கார்ந்து விளக்கு வைக்கும் நேரம் வரை துணியை இழுத்துக்கொண்டே இருந்தார். அம்மா காப்பியை வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார்.

அப்பா போனபின் உரிமத்தை என் பெயருக்கு மாற்ற ஆன மட்டும் அலைந்தேன். முடியவில்லை. ரைஃபிளை ஒப்படைத்துவிட்டேன். இன்று என்னிடம் இருப்பது அதன் தோல் வார் மட்டும். அண்ணா, உங்கள் ரைஃபிளின் படம் போடுங்கள். போல்ட் பக்கம் கிட்டத்தில் எடுத்துப் போடுங்கள்.

லோங்பிராஞ்ச் (மிஸ்ஸிசாகா, கனடா)

எல்லாருக்கும் வணக்கம். நான் யாழ்ப்பாணம். கனகாலமா வாசிச்சுக்கொண்டு மட்டும் இருந்தனான், தங்கச்சியின்ர பதிவைப் பாத்தபிறகு எழுதாமல் இருக்கேலாமல் போச்சுது.

எங்கட பக்கம் துப்பாக்கி எண்டு சொல்ல மாட்டம், துவக்கு எண்டுதான் சொல்லுவம். அந்தச் சொல்லைக் கேட்டாலே அம்மா கதவைச் சாத்துற காலத்தில வளந்தனான். இஞ்ச வந்து இருபது வருசம் நான் ஒரு துவக்கையும் கையால தொடேல்லை. தொடவும் விருப்பமில்லை.

நான் வேலை செய்யிற இடம் லேக்‌ஷோர் ரோட்டுப் பக்கம். அதிலை ஒரு பழைய செங்கல் கட்டடம், இப்ப ஓவியக் கண்காட்சி எல்லாம் நடக்கிற கலைக்கூடம். ஒருநாள் உள்ளுக்குப் போய்ப் பாத்தன். போர்க்காலத்தில அது ரைஃபிள் பரிசோதிக்கிற கட்டடமாம். அந்த வளவிலை இருந்த லோங்பிராஞ்ச் ஆலையிலை 1941 தொடக்கம் நம்பர் ஃபோர் லீ என்ஃபீல்ட் செய்தவை, மொத்தம் ஏறக்குறைய 9 லட்சம். செய்தவையிலை பெரும்பங்கு பொம்பிளையள். தலையிலை துணி கட்டிக்கொண்டு, குழலைக் கண்ணுக்கு நேர பிடிச்சு நேராக இருக்கோ எண்டு பாக்கிற பிள்ளையளின்ர படம் ஒண்டு. அதுக்கு முன்னால கனநேரம் நிண்டன். அதுகளின்ர தமையனும் புருசனும் அந்த நேரம் எங்க நிண்டவையோ.

அதுக்குப் பிறகுதான் கோர்ஸ் எடுத்து, சோதினை எழுதி, லைசன்ஸ் எடுத்து, ஒரு 1943 லோங்பிராஞ்ச் வாங்கினன். ஆரோ ஒரு மான்வேட்டைக்காரன் முன்கட்டையைப் பாதியிலை வெட்டியிருந்தவன். இஞ்ச முக்கால்வாசி அப்பிடித்தான் கிடைக்கும். அந்தக் காலத்திலை மலிவாக் கிடைச்சது, எல்லாரும் வெட்டி வேட்டைக்கு எடுத்திட்டினம். நான் ரண்டு வருசமா மரம் தேடிப் பழையபடி ஆக்கினன். நாஞ்சிலண்ணை, வெட்டின இடத்திலை ஒட்டுப் போடுறதைப் பற்றி உங்களோட தனியா ஒருக்கா கதைக்க வேணும்.

வடதுருவப் பக்கம் காவல் செய்யிற கனேடியன் ரேஞ்சர்ஸ் இந்த நம்பர் ஃபோரைத்தான் கிட்டத்தட்ட எழுபது வருசம் வச்சிருந்தவை. ஆர்க்டிக் குளிருக்குள்ளயும் போல்ட் இறுகாமல் வேலை செய்யும் எண்டு. இப்பத்தான் சி-19 எண்ட புதுசு குடுத்திருக்கினம்.

முதல் நாள் ரேஞ்சிலை முதல் வெடி வைக்க முதல் பத்து நிமிசம் கண்ணை மூடிக்கொண்டு இருந்தன். பக்கத்திலை நிண்ட வெள்ளைக்காரக் கிழவர் ஒண்டும் கேக்கேல்லை. பிறகு சுட்டன். கடதாசியிலை ஒரு ஓட்டை. அவ்வளவுதான். துவக்குச் சத்தத்துக்குப் பிறகு ஆரும் அழாத ஒரு பின்னேரத்தை அண்டைக்குத்தான் முதன்முதலாப் பாத்தன்.

தேனிக்காரி

அண்ணா... இதற்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. எழுதியதற்கு நன்றி.

பேராக் பேரன் (மலேசியா)

எங்க நாட்டுல சொந்தமா ரைஃபிள் வைக்கறதெல்லாம் நடக்காத காரியம். ஆனா தாத்தா கதை இருக்கு.

தாத்தா சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டினவர். 1948 ஜூன்ல அந்தப் பக்கத்துலதான் மூணு வெள்ளைக்காரத் தோட்டக்காரங்களைச் சுட்டாங்க, கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கு எதிரா அவசரகாலம் வந்துச்சு. தோட்டத்துக்குத் தோட்டம் ஸ்பெஷல் கான்ஸ்டபிள் எடுத்தாங்க. தாத்தாவும் சேர்ந்தார். ராத்திரி தொழிலாளர் குடியிருப்பான லயத்தைச் சுத்தி நடக்கற காவல்.

முதல்ல நீட்டு த்ரீ நாட் த்ரீ கொடுத்தாங்களாம். அப்புறம் கட்டை ரகம், நம்பர் ஃபைவ். ஜங்கிள் கார்பைன்னு சொல்வாங்களே, வாயில புனல் மாதிரி இருக்கும். ஏழு ராத்தல்தான் எடை. தூக்கறதுக்கு சுகம், சுட்டா தோள் போயிரும்னு தாத்தா சொல்வார். பட்டுல ரப்பர் வச்சிருப்பாங்க, அது காலாகாலத்துல கல்லாப் போயிரும். "நாம வெட்டுன பால்லதான் அந்த ரப்பரையும் செஞ்சிருப்பான், நம்ம தோளையே இடிச்சுது"ன்னு கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தார். மொத்தக் காவல் காலத்துலயும் ஒரு தடவைகூட ஆளைப் பார்த்துச் சுடலையாம். அதைச் சொல்லும்போது மட்டும் பாட்டியைப் பார்த்துச் சொல்வார்.

பேர்ன் (சுவிட்சர்லாந்து)

என்னுடையது லீ என்ஃபீல்டு அல்ல, சுவிஸ் ராணுவத்தின் பழைய ரைஃபிளான கே-31. ஆனால் 'கட்டையைத் தேய்க்கலாமா' என்ற கேள்விக்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது.

கே-31 எங்கள் நகரத்திலேயே, பேர்ன் ஆயுத ஆலையில் செய்தது. 1933 முதல் 1958 வரை ஐந்து லட்சத்துக்கு மேல் செய்தார்கள். போல்ட்டைத் தூக்க வேண்டியதில்லை. நேராகப் பின்னுக்கு இழுத்து நேராக முன்னுக்குத் தள்ளினால் போதும். மணிக்கூட்டுக்குள் கை விட்ட மாதிரி ஒரு வழவழப்பு.

நான் பிறந்தது இங்கே. அப்பா அம்மா இலங்கையிலிருந்து வந்தவர்கள். இந்த நாட்டில் ஆயுதம் வாங்கவோ வைத்திருக்கவோ சில நாட்டுக் குடிமக்களுக்குத் தடை உண்டு. அந்தப் பட்டியலில் இலங்கையும் இருக்கிறது. குடியுரிமை கிடைக்கும் வரை நண்பர்கள் ரேஞ்சுக்குப் போகும்போது நான் வெளியில் சைக்கிளோடு நிற்பேன். இருபது வயதில் கடவுச்சீட்டு வந்தது. ராணுவப் பயிற்சிக்கும் போனேன். பிறகு சங்கத்தில் ஒரு முதியவர் தன் அண்ணனுடைய கே-31ஐ எனக்கு முறைப்படி எழுதிக் கொடுத்தார்.

அந்தக் கட்டையின் அடித்தகட்டை இரண்டு திருகு கழற்றித் திறந்தால் உள்ளே ஒரு சின்னச் சீட்டு இருக்கும். ரைஃபிளை வைத்திருந்த சிப்பாயின் பெயர், பிறந்த வருடம், பிரிவு, முகவரி. எல்லா ரைஃபிளிலும் இருக்காது, என்னுடையதில் இருந்தது. எம்மென்டால் பக்கத்து ஒரு பண்ணை வீடு. நான் அதைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்ப வைத்து மூடினேன். பட்டின் கீழ்ப்பகுதி முழுக்க அடிபட்டு, ஈரம் ஏறி, மரம் கறுத்திருக்கிறது. எத்தனையோ குளிர்காலம் பனியில் ஊன்றி வைத்த இடம். அதைத் தேய்க்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

வருடா வருடம் நாடு முழுக்க நடக்கும் ஃபெல்ட்ஷீஸன் சுடும் போட்டிக்கு அதைத்தான் எடுத்துப் போகிறேன். 300 மீட்டர், 18 குண்டு, அதிகபட்சம் 72 புள்ளி. பக்கத்தில் எல்லாரும் புது ரைஃபிளோடு படுத்திருப்பார்கள். போன வருடம் 63 எடுத்தேன். அப்பா முதன்முறையாக வந்து பின்னால் நின்று பார்த்தார். காதுக்கு மூடி கொடுத்தும் போடவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "சத்தம் எப்பிடி எண்டு கேக்க வேணும்" என்றார்.

லோங்பிராஞ்ச்

தம்பி, அப்பாவுக்கு என்ர வணக்கத்தைச் சொல்லுங்கோ.

ஹூஸ்டன் தமிழன்

அந்தச் சீட்டைத் திரும்ப வைத்தீர்களே, அது போதும். எனக்கு 2009இல் இந்த இழை இருந்திருக்கக் கூடாதா.

கொள்ளிடக்கரை

எல்லாருக்கும் பெரிய நன்றி. ஒரு மாதம் ஆகிவிட்டது, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

மெக்கானிக் ஹெட்ஸ்பேஸ் அளந்தார், சரியாக இருக்கிறது. குழலில் சில இடத்தில் அரிப்பு உண்டு, ஆனால் ரைஃப்ளிங் (குழலின் உள்ளே சுற்றும் வரிப்பள்ளம்) ஆழமாக இருக்கிறது என்றார். நாஞ்சிலண்ணன் சொன்னபடி மாவு பூசினேன். முதல் தடவை காபித் தூள் நிறத்துக்கு வந்தது. நாலாவது தடவை வெளுப்பாகவே உதிர்ந்தது. உள்ளே உதைப்பு விழும் இடத்தை நகத்தால் அழுத்திப் பார்த்தேன், கெட்டியாக இருக்கிறது. பிறகு உஸ்தாத் சொன்னபடி லின்சீட், உள்ளங்கைச் சூட்டில். கறுப்பு போய் உள்ளே இருந்து சிவப்பும் பழுப்புமாக ஒரு நிறம் வந்தது. வெட்டுக் காயம் எல்லாம் அப்படியே இருக்கிறது. அந்த வெள்ளை எண்ணைச் சுற்றித் துடைத்தபோது முதல் இலக்கம் தெளிந்தது. 2. அடுத்தது 1 ஆகவோ 7 ஆகவோ இருக்கலாம். 47 இல்லை. அதனால் என்ன, யாரோ ஒரு பையனுடைய நம்பர் அது. தங்கச்சி கேட்ட போல்ட் படங்களையும் போட்டுவிட்டேன்.

நேற்று காலை ரேஞ்சுக்குப் போனோம். மகளும் வந்தாள். பழைய தோட்டா வேண்டாம் என்று செர்பியாவின் பி.பி.யு. கம்பெனித் தோட்டா, 174 கிரெய்ன் எடையுள்ள குண்டு, உப்பு விடாத ரகம் வாங்கினேன். ஐந்து ஐந்தாகச் சார்ஜர் என்ற தகட்டுப் பிடியில் கோத்து மேலிருந்து கட்டைவிரலால் அழுத்தினால் கடகடவென்று இறங்குகிறது. தோட்டாவின் விளிம்பு ஒன்றுக்குப் பின்னால் ஒன்று மாட்டாமல் அடுக்கிக் கோக்க வேண்டும், அதையும் கை மறக்கவில்லை. நூறு கஜம், படுத்த நிலை. பத்து குண்டில் ஏழு என் உள்ளங்கைக்குள் அடங்கும் அளவுக்கு விழுந்தது. மூன்று மேலே ஓடிவிட்டது. அந்த மூன்றிலும் மூச்சை அடக்கவில்லை, எனக்கே தெரியும். தோள் சிவந்து வலித்தது. அதே இடம்.

எழுந்ததும் காலி கேஸை எண்ணினேன். ஒன்பது. இங்கே யாரும் கேட்கப் போவதில்லை, கணக்கும் இல்லை. மகள் "விடுங்கப்பா, ஒண்ணுதானே" என்றாள். நான் ஷூவைக் கழற்றினேன். சாக்ஸையும். முதல்நாள் பெய்த மழையில் புல் ஈரமாக இருந்தது. ஒரு எட்டுக்கு ஒரு எட்டு. அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள், பிறகு அவளும் ஷூவைக் கழற்றிவிட்டு என் பக்கத்தில் வந்தாள். அவள் காலில்தான் பட்டது.

உஸ்தாத், பத்துக்குப் பத்தும் இருக்கிறது.

கோவை உஸ்தாத்

ஷாபாஷ் தம்பி. கணக்கு சரி.